சாய்தலும் சாயாமையும்

1

முகம் தெரியாத ஆயிரம் பேருக்கென்று யாரோ செய்து வைத்த ஒரு பொருளை எனக்கு மட்டுமானதாகத் திருத்திக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? உண்டு என்றால், திருத்திய பிறகு அது மேலானதாகிவிட்டது என்று எந்த அர்த்தத்தில் சொல்கிறேன்? இந்தக் கேள்வி வீட்டுக்கும் சட்டைக்கும் பொருந்தும், மொழிக்கும் பொருந்தும். நான் எடுத்துக்கொள்வது ஒரு சிறிய காரின் ஸ்பிரிங்கையும், ஷாக் அப்சார்பரையும், அடியில் குறுக்காகக் கிடக்கும் ஒரு கம்பியையும். காரை எடுத்துக்கொள்ளக் காரணம், அதில் மேல், கீழ் என்பவற்றில் ஒரு பகுதியையாவது அளந்து காட்டிவிட முடியும் என்பதுதான். அளக்க முடிந்ததை அளந்து ஒதுக்கிவிட்டால், அளவுக்கு அகப்படாமல் மிஞ்சுவது என்ன என்று பார்க்கலாம். இலக்கியத்தில் நமக்கு இந்த வசதி இல்லை. அங்கே எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது.

காரைத் திருத்துகிறவர்களில் இரண்டு வகை. ஒட்டுப்படம் ஒட்டி, புகைக்குழாயின் சத்தத்தைக் கூட்டி, விளக்கு மாட்டிக்கொள்கிறவர்கள் ஒரு வகை. இவர்கள் அலங்காரக்காரர்கள், பழைய சிலேடைப் புலவர்களோடு சேர்த்துவிடலாம். மற்ற வகையினர் எண்ணிக்கையில் குறைவு. யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே, மாதக்கணக்கான சம்பளத்தைச் செலவு செய்கிறவர்கள். இவர்கள் தோற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. வண்டி வளைவில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் பொருட்படுத்துகிறார்கள். இவர்களோடு வாதிடுவது பிரயோசனமுள்ள காரியம் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் இவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

2

நம் பக்கத்துக் கிராமங்களில் வில்வண்டி என்று ஒன்று இருந்தது. பாரவண்டியில் கூடு அச்சின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும். வில்வண்டியில் அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில் இருக்கும். நெல் மூட்டைக்கு வில் தேவைப்படவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கும் வயசாளிக்கும் பண்ணையாருக்கும் தேவைப்பட்டது. அதாவது வில் வண்டிக்காரனை உத்தேசித்து வந்ததல்ல. உள்ளே உட்கார்ந்து வருகிறவரை உத்தேசித்து வந்தது. ஆனித் திருவிழாவில் ஓடும் நெல்லையப்பர் தேருக்கு வில் கிடையாது. மனிதர் நடையின் வேகத்தில் போகிற எதற்கும் அது அவசியமில்லை. வேகமும், வேகத்தைத் தாங்க முடியாத உடம்பும் ஒரே வண்டியில் சேர்ந்தபோதுதான் வில் பிறந்தது.

மோட்டார் காரில் இது மூன்று உறுப்புகளாகப் பிரிந்திருக்கிறது. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஷாக் அப்சார்பர், பெயர் எப்படி இருந்தாலும், அதிர்ச்சியை வாங்குவதில்லை. ஸ்பிரிங் வாங்கிய அதிர்ச்சி ஊஞ்சலாட்டமாக நீண்டுகொண்டே போகாமல் அடக்குகிறது. மூன்றாவது, ஸ்டெபிலைசர் பார் அல்லது ஆன்டி ரோல் பார். ஒர்க்‌ஷாப்பில் சுருக்கமாக பார். இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை குறுக்கே கிடக்கும் வளைந்த உருக்குக் கம்பி. நடுப்பகுதி ரப்பர் புஷ்களில் பிடிபட்டு வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். இரு நுனிகளும் லிங்க் ராடு வழியாகச் சக்கரங்களோடு சேர்ந்திருக்கும்.

இந்தக் கம்பியின் குணம் விசித்திரமானது. வேகத்தடையில் இரு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது அது புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், ஒன்றும் செய்யாது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போதுதான், அதாவது வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போதுதான், அது முறுக்கேறி எதிர்க்கிறது. எதிர்ப்பின் அளவு கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துவிட்டு 22 மில்லிமீட்டர் கம்பி போட்டால், மற்றவை மாறாதிருக்கும் பட்சத்தில், விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்கு இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரே ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் இந்தக் கம்பி அதை வளைவு என்றே எடுத்துக்கொள்ளும். இடது சக்கரத்தின் அடியை வலது பக்கத்துக்கும் கொண்டுபோகும். நான்கு சக்கரமும் தனித்தனியே இயங்கட்டும் என்று பொறியாளர்கள் கஷ்டப்பட்டுத் தந்த சுதந்திரத்தில் ஒரு பங்கை இது திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளைவில் பாரம் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. கனத்த பார் இந்த மாற்றத்தைத் தடுத்துவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தடுப்பதில்லை. எவ்வளவு பாரம் மாறும் என்பதை வண்டியின் எடை, அதன் ஈர்ப்பு மையம் நிற்கும் உயரம், சக்கரங்களின் இடைவெளி, வளைவில் போகும் வேகம் இவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. பார் தீர்மானிப்பது, அந்த மொத்தத்தில் முன் ஜோடி எவ்வளவு ஏற்பது, பின் ஜோடி எவ்வளவு ஏற்பது என்ற பங்கீட்டை மட்டும்தான். டயரின் குணமோ, பாரம் இரட்டித்தால் பிடிமானம் இரட்டிக்காது; கொஞ்சம் குறைவாகவே கூடும். ஆகவே எந்த ஜோடியில் இடது, வலது பாரங்களுக்குள் வித்தியாசம் அதிகமோ அந்த ஜோடி தன் மொத்தப் பிடிமானத்தில் கொஞ்சத்தை இழக்கும்.

முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய கார்கள் வளைவில் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போகும் சுபாவம் உள்ளவை. பின்பக்கம் கனத்த பார் போட்டால் பின் ஜோடி அதிகப் பங்கை ஏற்கிறது. முன் ஜோடியின் சுமை குறைகிறது. மூக்கு சொன்னபடி திரும்புகிறது. கார் கூர்மையாகிவிட்டது என்று ஓட்டுகிறவன் சொல்கிறான். அவன் சொல்வது நிஜம். ஆனால் முன்பக்கம் பெற்ற லாபம் பின்பக்கத்தின் பிடிமானத்தைக் குறைத்துப் பெறப்பட்டது. கணக்கெழுதிப் பழகிய என் கண்ணுக்கு இது வரவு இல்லை, மாற்றல் பதிவு. ஒரு கணக்கில் பற்று வைத்து இன்னொன்றில் வரவு வைத்திருக்கிறார்கள். மொத்தம் கூடவில்லை.

தொழிற்சாலை ஏன் அந்த மந்தத்தை விட்டு வைத்தது என்றும் கேட்க வேண்டும். வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கிறான் ஒருவன். மூக்கு தள்ளும் வண்டியானால் வேகம் குறைந்து மெல்ல உள்ளே வரும். பின்பக்கம் இளகிய வண்டியானால் சுழன்றுவிடும். பொறியாளருக்கு அந்தப் பயந்தவனைத் தெரியாது. தெரியாதவனை உத்தேசித்துத்தான் அந்த மந்தத்தை விட்டு வைத்திருக்கிறார். நாம் சராசரி என்று இளக்காரமாகச் சொல்வதற்குள் இப்படிச் சில ஜாக்கிரதைகள் பெயரில்லாமல் இருக்கின்றன.

3

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷங்கள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு பாதை வந்தது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் எஞ்சினை எடுத்து, ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். பணக்கார விளையாட்டு ஒன்றை நடுத்தர வர்க்கத்துப் பையன்களும் எட்டிப் பிடிக்கும்படி செய்தவர். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பாதை அவர் பெயரில் இருக்கிறது.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் முக்கியமாகப் படுவது 'ஒற்றை இருக்கை' என்ற இரண்டு சொற்கள். பந்தயக்காரன் நேர்மையானவன். ஸ்பிரிங்கை இறுக்குவதற்கு முன் பின்ஸீட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறான். பந்தயப் பாதையில் பள்ளமில்லை. நெல் காயப்போட்ட பாதி ரோடு இல்லை. எதிரே வருகிறவன் இல்லை. எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். நன்மை என்பது அங்கே ஒன்றே ஒன்று: எவ்வளவு நேரத்தில் சுற்றி வந்தாய் என்பது. அங்கே மேலானது எது என்று விவாதமே கிடையாது, கடிகாரம் சொல்லிவிடும். அறம் என்று ஒன்று அங்கே இல்லாமலில்லை. அது விதிப்புத்தகத்தோடு முடிந்துபோகிறது.

பிரச்னை அந்தக் கம்பி பந்தயப் பாதையிலிருந்து பேட்டைக்கும் பத்தமடைக்கும் வரும்போது தொடங்குகிறது.

4

நண்பர் ஒருவர், கவிதை எழுதுகிறவர், பெயர் வேண்டாம். கைமாறி வந்த ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கி, ஒரு வருஷம் பொறுத்திருந்து, கோயம்புத்தூரிலிருந்து சாமான் தருவித்து, உயரம் குறைந்த விறைத்த ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக், பின் அச்சுக்குக் குறுக்கே கூடுதலாக ஒரு பார் எல்லாம் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை என்னை அழைத்துப் போனார்.

சேரன்மகாதேவி தாண்டி ரோடு நன்றாக இருந்த பகுதியில் அந்த வண்டி மிக அழகாக ஓடிற்று. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. சாதாரணக் காரில் வளைவு என்பது மூன்று காரியங்கள்: ஸ்டீரிங்கைத் திருப்புகிறோம், வண்டி சாய்ந்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம், பிறகு திரும்புகிறோம். இதில் நடுவிலிருந்த காத்திருப்பு போய்விட்டிருந்தது. நினைப்பும் செயலும் ஒன்றாகிவிட்ட மாதிரி இருந்தது. நல்ல கவிதை வரியில் சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவே காற்று புக இடமில்லாமல் போகிறதே, அந்த சந்தோஷம். இந்த அழகை மறுத்துவிட்டு எழுதப்படும் எந்த அறவுரையும் பொய்.

வீரவநல்லூர் பக்கம் தார் ஓரம் உடைந்திருந்தது. இடது சக்கரம் இறங்கிய ஒவ்வொரு தடவையும் என் தலை வலமும் இடமுமாகச் சுண்டப்பட்டது. அவருக்கு அது பெரிதாகத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அவர் பள்ளத்தை முன்கூட்டியே பார்த்தார், கையில் ஸ்டீரிங் இருந்தது, உடம்பு தயாராகிவிட்டிருந்தது. என் உடம்புக்குச் செய்தி பிந்தித்தான் வந்தது.

அவருடைய அம்மா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். மாதம் ஒருமுறை பாளையங்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். திருத்திய வண்டியின் பின்ஸீட்டில் இரண்டு மாதம் வந்தார். மூன்றாம் மாதம் சொன்னார்: "ஏ ஐயா, வண்டி நல்லாத்தான் இருக்கு. நான் பஸ்ஸுலயே போய்க்கிடுதேன்."

நண்பருக்கு இது வலித்தது. என்னிடம் வாதாடினார். "வே, பழைய ஸ்பிரிங்குல வண்டி ஆடும்லா, அந்த ஆட்டத்துலதான் அம்மைக்கு மயக்கம் வரும். இப்போ ஆடவே செய்யாதே." அவர் சொன்னது தப்பல்ல. நீண்டு நெளியும் சாய்வு குமட்டலை உண்டாக்கும். ரப்பர் மாதிரி மிதக்கும் பழைய கார்களில் மலைப்பாதை ஏறியவர்களுக்கு இது தெரியும். அம்மாவுக்கு மயக்கம் நின்றது நிஜம், வலி வந்ததும் நிஜம். தாயை உத்தேசித்தே செய்தேன் என்று அவர் நம்பவும் செய்தார். நான் அந்த நம்பிக்கையைச் சந்தேகிக்கவில்லை. என் பிரச்னை வேறு. தாய்க்கு எது நல்லது என்பதை அவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி தீர்மானித்தார் என்பதுதான்.

மாரிஸ் ஓல்லி என்ற பொறியாளர் 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இதே பிரச்னையோடு உட்கார்ந்திருந்தார். மேட்டை முதலில் சந்திப்பது முன்சக்கரம், பிறகு பின்சக்கரம். பின்பக்கத்துக்கு ஆட்டம் பிந்தித் தொடங்குகிறது. ஆகவே முன் ஸ்பிரிங் மெத்தென்றும் பின் ஸ்பிரிங் கொஞ்சம் துரிதமாகவும் ஆட வேண்டும்; அப்போது பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, வண்டி முன்னும் பின்னும் குத்தாமல் மட்டமாக ஏறி இறங்கும் என்று கண்டார். கண்டது சூத்திரத்தில் மட்டுமல்ல. வண்டியில் பாரங்களை மாற்றி மாற்றி ஏற்றி, ஆட்களை உட்காரவைத்துக் கண்டது. பின்ஸீட்டில் இருப்பவரைக் கேட்பது மோட்டார் சாஸ்திரத்துக்குப் புதிதல்ல என்று காட்டவே இதைச் சொல்கிறேன்.

5

திருத்துகிறவர் தரப்பில் சொல்லக்கூடிய மிகப் பலமான வாதம் அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. நடுநிலை இரண்டு வகை என்கிறார் அவர். பொருளின் நடுநிலை ஒன்று: பத்துக்கும் இரண்டுக்கும் நடு ஆறு, யாருக்கும் ஆறுதான். நம்மைப் பொறுத்த நடுநிலை மற்றது: மல்லன் மைலோவுக்குப் போதாத சாப்பாடு புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதிகம். தொழிற்சாலை தந்தது ஆறு. என் நடுநிலை ஆறு அல்ல. என் கை, என் கண், என் ரோடு தெரிந்தவன் நான். பிறகு எதற்கு யாரோ பயந்தவனுக்காக விட்டுவைத்த மந்தத்தை நான் சுமக்க வேண்டும்?

இதற்கு எதிராக இரண்டு அவசரமான பதில்கள் சொல்லப்படுகின்றன. இரண்டும் எனக்குப் போதவில்லை.

முதலாவது சட்டம். 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் ஆதியில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. அதே வருஷத் திருத்தம் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ என்று சேர்த்தது. குறுக்குக் கம்பியின் தடிமன் பதிவுச் சான்றில் ஏறுகிற விவரம் அல்ல. அது பிரிவுக்குள் வருமா வராதா என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். எது தண்டனைக்குரியது என்றுதான் சட்டம் சொல்லும். எது மேலானது என்று சொல்லாது. சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும் விமர்சகன் தன் வேலையைச் செய்யவில்லை.

இரண்டாவது சொத்துரிமை. என் வண்டி, என் பணம் என்பது. நான் கார் கடன் பத்திரங்களைப் பார்க்கிற உத்தியோகத்தில் இருக்கிறேன். கடன் தீரும்வரை பதிவுச் சான்றில் வங்கியின் பெயரும் இருக்கும். வண்டி அவன் கையில், பிணை எங்கள் கையில். மாதத் தவணை அனைத்தும் கட்டி முடித்த அன்றைக்கு அந்தப் பெயரை எடுத்துவிடலாம். ஆனால் ரோட்டில் எதிரே வருகிற சைக்கிள்காரனுக்கும், பின்ஸீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ள பாத்தியதை எந்தத் தவணையோடும் தீர்வதில்லை. அது எந்தப் பத்திரத்திலும் ஏறாததால் இல்லை என்று ஆகிவிடாது. 'என்னுடையது' என்ற சொல் பணத்தைப் பொறுத்தவரை தெளிவானது. பயன்படுத்துவதைப் பொறுத்தவரை மங்கலானது.

ஆகவே அரிஸ்டாட்டிலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 'நம்மைப் பொறுத்த' நடுநிலை என்றார். என்னைப் பொறுத்த என்று சொல்லவில்லை. மைலோ தனியாகச் சாப்பிடுகிறான்; அவன் வயிறு அவனோடு முடிகிறது. ஆனால் ஐந்து பேர் உட்காரும் வண்டியில் 'நாம்' யார்? திருத்துகிறவன் ஆயிரம் பேரின் சராசரியை மறுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆயிரத்தைக் கழித்ததும் மிஞ்சுவது ஒன்று என்று அவன் கணக்குப் போடுகிறான். மிஞ்சுவது நான்கோ ஐந்தோ. அவனுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த நான்கோ ஐந்தோ பேர். சராசரிக்கும் தனி ஒருவனுக்கும் நடுவே இருக்கும் இந்தச் சின்ன எண்ணிக்கைதான் அறம் நடக்கிற இடம் என்று எனக்குப் படுகிறது.

6

இனி, உண்மை பற்றிய ஒரு வாதம். இது அறத்தைவிட நுட்பமானது. நம்மவர்களுக்கு அதிகம் பிடிக்கக்கூடியது.

விறைத்த வண்டி ரோட்டை உள்ளபடி சொல்கிறது என்கிறார்கள். மெத்தென்ற வண்டி ரோட்டை மழுப்புகிறது. சௌகரியம் என்பது ஒரு பொய். தார் எப்படி இருக்கிறதோ அப்படியே முதுகெலும்பில் வந்து சேர்வதுதான் நேர்மை. இந்த வாதத்தின் குரலை நாம் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறோம்.

ஆனால் கம்பி செய்கிற காரியத்தை மறுபடி பார்ப்போம். பாரம் ஏறக்குறைய பழைய அளவிலேயே மாறுகிறது. சாய்வு மட்டும் குறைந்திருக்கிறது. அதாவது நடப்பது நடந்துகொண்டிருக்க, நடப்பதன் அடையாளம் நீக்கப்பட்டிருக்கிறது. சாய்வு என்பது பாரம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று வண்டி சொல்லும் செய்தி. மெத்தென்ற வண்டி அதை முன்கூட்டியும் மெதுவாகவும் சொல்கிறது: போதும், போதும் என்று. விறைத்த வண்டி கடைசிவரை மட்டமாக இருந்து, சொல்ல வேண்டியதைக் கடைசியில் ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறது. குறளில் நடுவுநிலைமைக்குத் தராசை உதாரணமாக்கியிருக்கிறது. தராசின் பெருமை அது சாயாமலிருப்பதில் இல்லை. வெறுமனே இருக்கையில் சமமாக நின்று, பாரம் ஏறியதும் ஏறிய அளவுக்குச் சாய்வதில் இருக்கிறது. சாயாத தராசைக் கொண்டு எந்தக் கடைக்காரனும் நியாயமாக வியாபாரம் செய்ய முடியாது.

எதிர்த்தரப்புக்கு இங்கே ஒரு பங்கு நியாயம் உண்டு. சிறிய கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் இருக்கும் ஸ்ட்ரட் அமைப்பில், வண்டி அதிகம் சாய்ந்தால் டயரும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, அதன் ஓரம் மட்டும் தரையில் பதியும். சாய்வைக் குறைத்தால் டயர் நேராக நிற்கும். பிடிமானம் நிஜமாகவே கூடும். ஆகவே சாய்வைக் குறைப்பது முழுக்க வேஷம் என்று சொல்லிவிட முடியாது. ஓரளவு வரை அது டயருக்குச் செய்யும் உதவி. எந்த அளவுக்குப் பிறகு அது டயருக்காக இல்லாமல் ஓட்டுகிறவனின் தன்னம்பிக்கைக்காக மட்டும் ஆகிறது என்பதுதான் கேள்வி. இரண்டு மில்லிமீட்டருக்குள் அந்த எல்லை கடந்துபோய்விடுகிறது.

சாய்வையே வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்ட கார் ஒன்று உண்டு. 1948இல் பாரிஸில் வெளிவந்த சிட்ரோயன் 2சிவி. விவசாயி ஒருவர் உழுத வயலின் குறுக்கே ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுபோக வேண்டும் என்பது அதைக் கட்டியவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை. ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஸ்பிரிங்கால் இணைத்தார்கள். முன்சக்கரம் மேட்டில் ஏறும்போதே பின்பக்கத்துக்குச் செய்தி போய்விடும். வளைவில் அது கவிழ்ந்துவிடும்போல் சாயும். பார்ப்பவருக்குப் பரிதாபமாக இருக்கும். ஆனால் சக்கரங்கள் தரையை எளிதில் விடுவதில்லை. தோற்றத்தில் நிதானமிழந்து, தரையோடுள்ள தொடர்பில் நிதானமிழக்காத ஒரு வண்டி. நம் கம்பியும் இணைப்புத்தான், அதுவும் இணைப்புத்தான். ஒன்று இடதையும் வலதையும் கட்டிச் சாய்வை மறைக்கிறது. மற்றது முன்னையும் பின்னையும் கட்டி, முன்னால் இருப்பவன் பட்டதைப் பின்னால் இருப்பவனுக்கு முன்கூட்டிச் சொல்கிறது. எதை எதோடு இணைக்கிறோம் என்பதில் யாரை நினைத்தோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

7

காரிகை செய்யுளுக்கு ஆறு உறுப்பு சொல்கிறது: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. தளை என்பது ஒரு சீரை அடுத்த சீரோடு கட்டுவது. சொல்லின் அர்த்தமே கட்டு, விலங்கு. நின்ற சீர் எப்படி முடிகிறதோ அதற்கேற்பத்தான் வருகிற சீர் தொடங்கலாம். தன்னிஷ்டத்துக்கு ஏறி இறங்க முடியாது. புதுக்கவிதை தளையைக் கழற்றியது. ஒவ்வொரு சொல்லும் தன் தன் தரையைத் தானே தொடட்டும் என்றது. 1959இல் 'எழுத்து' தொடங்கிய பிறகு வந்த நல்ல கவிதைகள் இந்தச் சுதந்திரத்தால் ஆனவை. இதை நான் சந்தேகிக்கவில்லை.

கவனிக்க வேண்டியது பிறகு நடந்தது. பழைய தளையைக் கழற்றிய கையோடு நாம் வேறொரு கம்பியை மாட்டிக்கொண்டோம். இறுக்கம், செறிவு, உணர்ச்சியைக் காட்டாமை என்று அதற்குப் பெயர்கள். கவிதை சாயக் கூடாது. துக்கத்திலும் மட்டமாக நிற்க வேண்டும். சாய்ந்தால் அது மிகையுணர்ச்சி. சினிமாப் பாட்டின் ஆட்டத்தில் குமட்டல் வந்தவர்களுக்கு இது தேவையாக இருந்தது. ஒரு தலைமுறைக்கு அது டயரை நேராக நிறுத்திற்று. ஆனால் பாரம் மாறுவது நின்றுவிடவில்லை. துக்கம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் சாய்வை மட்டும் நீக்கிய கவிதைகள் இன்று நிறைய எழுதப்படுகின்றன. எழுதியவனுக்கு வளைவு முன்கூட்டித் தெரியும், கையில் ஸ்டீரிங் இருக்கிறது. அவனுக்கு அந்த மட்டம் அழகாகத்தான் இருக்கும். வாசிப்பவனுக்கு அடி மட்டும் வந்து சேர்கிறது, காரணம் வந்து சேர்வதில்லை.

இதற்கு உடனே ஒரு பதில் வரும்: எல்லோருக்குமாக எழுது என்கிறாயா, சராசரிக்குத் திரும்பச் சொல்கிறாயா? இல்லை. எல்லோருக்குமானது என்பதைச் சராசரி என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்டதில்தான் பிசகு. கலெக்டர் ஆபீஸில் உத்தியோகம் பார்த்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் தாமிரபரணிக்குக் குறுக்கே பாலம் கட்டிக்கொடுத்தார். 1843இல் திறந்தது. திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் இன்றும் அதில் போய் வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பாலம் யாருடைய சராசரியும் அல்ல. நடப்பவன் நடந்து போகிறான், ஓடுகிறவன் ஓடிப் போகிறான், விறைத்த ஸ்பிரிங்காரரும் அதன் மேல்தான் போகிறார். ஒருவரின் நடையையும் அது குறைக்கவில்லை. தனி மனிதன் ஒருவன் தன் பணத்தில், தன் பிடிவாதத்தில் செய்ததுதான் அதுவும். திருத்தம் என்பது தனக்கானதாகத்தான் இருக்க முடியும் என்று யாரும் விதித்திருக்கவில்லை.

எனவே திருத்தக் கூடாது என்பது என் முடிவல்ல. தொழிற்சாலை தந்ததை அப்படியே ஓட்டுவது ஒரு ஒழுக்கமும் அல்ல, மரபு தந்ததை அப்படியே எழுதுவது எப்படி ஒழுக்கமில்லையோ அப்படி. என் முடிவு மிகச் சிறியது. திருத்தியவன் அது மேலானதா என்று தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லாதவன். அவன் உடம்பு முன்கூட்டியே தயாராகிவிட்டது. கேட்க வேண்டியது ஸ்டீரிங் இல்லாமல் உட்கார்ந்திருப்பவரை. அவர் நல்லாத்தான் இருக்கு என்று சொல்வதையும், சொல்லிவிட்டு எதில் ஏறிப் போகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பின்ஸீட் வேண்டாம் என்றால் கரிவரதன் கட்டியதுபோல ஒற்றை இருக்கையாகவே கட்டுவோம். அது ஒரு கௌரவமான காரியம். அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கதவு வைத்து, பின்ஸீட்டும் போட்டு, ஏறுங்கள் என்றும் அழைத்துவிட்டு, ஏறியவருக்கு முதுகு வலித்தால் ரசனை போதாது என்று சொல்ல நமக்குப் பாத்தியதை கிடையாது.